நாள்பட்ட வலியும் நோய்த்தொற்றுக் காலமும்

தோழர்களே, 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பெரும்பாலான தோட்டங்களில் வேலை நிற்கவில்லை. குலை வெட்டினோம், உதிரிப் பழம் பொறுக்கினோம். ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதுதான் நின்றது. பிசியோதெரபிக்கு நாள் குறித்திருந்தவர்களுக்கு நாள் தள்ளிப் போயிற்று. வைத்தியத்திற்குப் போகத் தடையில்லை. ஆனாலும் சாலைத் தடுப்பில் போலீசுக்குப் பயந்தும், ஆஸ்பத்திரியில் கோவிட் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தும் பலர் வீட்டோடு இருந்துவிட்டார்கள். முதுகுவலிக்கு அதெல்லாம் தெரியுமா?

3 மாதத்துக்கு மேல் நீடிப்பதே நாள்பட்ட வலி. அண்ணாந்து குலை வெட்டுகிறவருக்குக் கழுத்தும் தோளும், குனிந்து பழம் பொறுக்கும் பெண்களுக்கு இடுப்பும் முழங்காலும். முதுகுவலி என்று எம்.சி. கேட்டால் தண்டல் முகம் சுளிப்பதும் நாம் அறிந்ததே.

அந்தச் சமயத்தில்தான் பெயரில்லாத ஜாமு மாத்திரைகள் லயத்துக்குள் நுழைந்தன. "டிரசரையா, ரெண்டே மாத்திரைதான், வலி ஓடிப்போச்சு" என்றார் ஒரு பெரியம்மா. சில மாதத்தில் முகம் உப்பி, இனிப்பு நீரும் ஏறிவிட்டது. இப்படிப்பட்ட மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. 2020 ஜூனில் அதே மருந்து கோவிட் நோயாளிகளின் உயிரைக் காப்பதாகச் செய்தி வந்தது உண்மைதான். அது ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு, டாக்டர் பார்வையில் கொடுத்தது. இடுப்பு வலிக்கு அல்ல.

ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டு வருகிறீர்களா? பயந்துபோய்த் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு அடங்கிப் போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு கிளினிக்குக்கு வாருங்கள். திட்ட மாட்டோம்.

பெனடால் நல்ல மருந்துதான். 500 மில்லிகிராம் மாத்திரை, வேளைக்கு 2. 6 மணி நேர இடைவெளி. ஒரு நாளைக்கு 8-க்கு மேல் கூடாது. தண்ணி போடுகிறவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் கேட்டுவிட்டே சாப்பிட வேண்டும். காய்ச்சலுக்கு வாங்கும் சளி மாத்திரையிலும் பெரும்பாலும் இதே மருந்து இருக்கிறது. வலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என்று விழுங்கினால் அளவு இரட்டிப்பாகி ஈரல் கெடும்.

ஐபுபுரோபன் சாப்பிட்டால் கோவிட் முற்றும் என்று 2020 மார்ச்சில் ஒரு பேச்சு பரவியது. அதைத் தவிர்க்கச் சொல்லவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் அப்போதே விளக்கியது. ஆனால் அதுவும் வோல்டரென், பொன்ஸ்தான் வகைகளும் குடல்புண், ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது யாருக்குமே ஆகாது.

தனிமைப்படுத்தினார்கள் என்று பாயிலேயே கிடந்தவர்களுக்கு வலி கூடியதுதான் மிச்சம். அறைக்குள்ளேயே மெல்ல நடங்கள், காலை நீட்டி மடக்குங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். தொடர்ந்து சாப்பிடும் மருந்தைத் தபாலில் பெறும் வசதி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. மருந்து கவுண்டரில் கேளுங்கள்.

காலில் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப் போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ அடக்க முடியாமல் போனாலோ பொழுது விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எந்தத் தொற்றுக் காலமானாலும் சரி, நடு ராத்திரியானாலும் சரி, கதவைத் தட்டுங்கள்.