மலையிரவில் கம்பளியின் பயன்

சித்தூர், திருப்பதிப் பகுதிகளின் பகல் வெயிலை மட்டுமே அறிந்தோர் அங்குள்ள மலைகளின் இரவுக் குளிரை எளிதாக எண்ணிவிடுதல் கூடும். உயரம் 1,000 மீட்டர் கூடுமாயின் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செண்டிகிரேடு குறையும். திருமலை சுமார் 850 மீட்டர் உயரமும், முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஹார்ஸ்லி மலை சுமார் 1,265 மீட்டர் உயரமும் உடையவை. மார்கழியில் இத்தகைய மலைகளில் கூடாரமடித்துத் தங்கும் ஊழியர்க்கும் மாணவர்க்கும் கனத்த கம்பளி இன்றியமையாதது.

கம்பளி தானாக வெப்பம் தருவதன்று. அதன் சுருண்ட இழைகளிடையே அசைவற்று நிற்கும் காற்றே உடலின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. மேலும், கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் நனைந்ததாகத் தோன்றாது. பருத்தியோ நனைந்தவுடன் உடலைக் குளிர்விக்கும். தக்காண ஆட்டின் முரட்டு மயிரால் நெய்து, புளியங்கொட்டைப் பசையூட்டிய ‘கொங்கடி’யை அப்பகுதி இடையர் மழையிலும் தலைமேற் போர்த்துவதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

தரையும் உடல் வெப்பத்தைக் கவரும். ஆதலின் கம்பளியில் பாதியைக் கீழே விரித்துப் பாதியைப் போர்த்துக. உடற்பாரத்தால் அமுங்கும் பகுதி காற்றை இழக்குமாதலால், அதனடியில் உலர்ந்த வைக்கோலைப் பரப்புதல் நன்று. பகலில் கம்பளியை வெயிலில் உலர்த்துக.

குளிர் எவ்வளவு மிகினும் மூடிய கூடாரத்தினுள் கரியடுப்பு மூட்டலாகாது. நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு வாயு உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். புறப்படுமுன்பே ஆசிரியர் இதனை மாணவர்க்கு உணர்த்துவாராக.