அச்சு முறியாத யாத்திரை

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, செங்கல்பட்டு மாவட்டத்தில் அமைந்திருக்கிறது அச்சிறுபாக்கம். திருஞானசம்பந்தப் பெருமானின் பதிகம் பெற்ற தொண்டைநாட்டுத் திருத்தலம். திரிபுரங்களை அழிக்கப் புறப்பட்ட சிவபெருமானுக்குப் பூமியே தேர்த்தட்டாகவும், சூரிய சந்திரர்கள் சக்கரங்களாகவும், நான்மறைகள் குதிரைகளாகவும், நான்முகனே சாரதியாகவும் அமைந்தனர். ஆயினும், விநாயகப் பெருமானை வணங்காமல் புறப்பட்டதால் அத்தேரின் அச்சு முறிந்தது என்கிறது தலபுராணம். அச்சு இற்ற இடமே அச்சிறுபாக்கம் ஆயிற்று.

இறைவன் ஏறிய தேருக்கே அச்சு முறியும் என்றால், எளியவர்களாகிய நாம் ஏறும் ஊர்திக்குச் சொல்லவும் வேண்டுமோ?

தாம்பரம் பகுதியைச் சேர்ந்த எங்கள் பஜனை மண்டலியில் பன்னிரண்டு பேர். அனைவரும் அறுபதைக் கடந்தவர்கள். இராமேசுவரத்து மணலைக் கங்கையில் சேர்த்து, கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்விக்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. ஒரு வழிக்கே 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். படுக்கை, சிறு சமையலறை, கழிப்பறை எல்லாம் அமைத்த பழைய பேருந்து ஒன்று விலைக்கு வந்தபோது, இறைவனே அனுப்பியதாக எண்ணி மகிழ்ந்தோம். புதிய வண்ணப்பூச்சு, பட்டுத் திரைச்சீலை, முகப்பில் முருகப் பெருமானின் திருவுருவம். “வெள்ளிக்கிழமை நல்ல நாள், முன்பணம் கொடுத்துவிடுங்கள்” என்றார் விற்பவர்.

எங்கள் அன்பர் ஒருவரின் சம்பந்தி, கரூரில் பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறைகளில் பல்லாண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். அவரை அழைத்துச் சென்றோம். சிறு சுத்தியல், திருப்புளி, காந்தம், டார்ச் விளக்கு ஆகிய நான்கு மட்டுமே அவர் கையில் இருந்தன. பட்டுத் திரைச்சீலையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு கோணிப்பையை விரித்து, வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார்.

“புதுப் பெயிண்ட் சார், ஒரு குறையும் இல்லை” என்றார் விற்பவர்.

“அதனால்தான் பார்க்கிறேன், தம்பி” என்று கீழிருந்து பதில் வந்தது.

மணியோசை சொல்லும் உண்மை

“கோயில் மணியில் கீறல் விழுந்தால் ஓசையிலேயே தெரியுமல்லவா? இரும்பும் அப்படித்தான்” என்று சொல்லி, வண்டியின் நீளத்திற்கு ஓடும் இரண்டு பெரிய இரும்புச் சட்டங்களையும் தட்டிக்கொண்டே சென்றார். இவையும், இவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்ததே சேஸிஸ். வண்டியின் முழு எடையையும் தாங்கும் முதுகெலும்பு அது. முன்பகுதியில் கணீரென்று ஒலித்த இரும்பு, பின்சக்கரத்தின் அருகே மொத்தென்று ஒலித்தது. திருப்புளியால் குத்தினார். புதிய கறுப்புப் பூச்சு செதில்களாக உதிர்ந்தது. வில்பட்டைகளைத் தாங்கும் இடத்திலேயே இரும்பு இற்றுப் போயிருந்தது.

கணவரின் ஓய்வூதியத்திலிருந்து தம் பங்கைத் தந்திருந்த அம்மையார் ஒருவர் கலங்கிப் போனார். “இந்த வருஷம் போகாவிட்டால், அடுத்த வருஷம் நான் இருப்பேனோ என்னவோ” என்றார்.

“அம்மா, காசி எங்கேயும் போய்விடாது. இந்த வண்டியில் ஏறினால் நீங்கள் போய்ச் சேர்வீர்களா என்பதுதான் என் கவலை” என்றார் பெரியவர்.

முன்பணம் கொடுக்காமல் திரும்பினோம். அன்று அவரிடம் கற்றவற்றை, இத்தகைய எண்ணமுடைய அன்பர்களுக்காக இங்கே தருகிறேன்.

எங்கே பார்க்க வேண்டும்?

இரும்பும் நீரும் காற்றும் கூடுமிடத்தில் துரு பிறக்கிறது. உப்பு அதனை விரைவுபடுத்துகிறது. ஆகவே, வண்டி இதுவரை எந்த ஊரில் ஓடியது என்பதே முதற்கேள்வி. கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியை இருமடங்கு கவனத்துடன் பார்க்க வேண்டும்.

நீர் தங்கும் இடமெல்லாம் துரு தங்கும் இடம். சக்கர வளைவுகள், ஏறும் படிக்கட்டு, ஜன்னல்களின் கீழ்ப்பகுதி, பேட்டரிப் பெட்டி, கழிப்பறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அடியிலுள்ள தளம் ஆகியவற்றைத் தவறாமல் பார்க்க வேண்டும். இரு தகடுகள் இணையும் இடுக்கில் புகும் நீர் வெளியேறுவதில்லை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பதால் தகடுகளைப் பிளந்து தள்ளும். இணைப்பு உப்பியிருந்தால் உள்ளே துரு இருக்கிறது என்று பொருள்.

பேருந்தின் கூடு பெரும்பாலும் உள்ளீடற்ற இரும்புக் குழாய்களால் ஆனது. இவை உள்ளிருந்தே இற்றுப்போகும். ரிவெட்டுகளின் கீழே செந்நிறக் கறை வழிந்திருந்தால் அதுவே அடையாளம். வெளிப்புறத்து அலுமினியத் தகடு இரும்போடு ஈரத்தில் ஒட்டியிருந்தால், அலுமினியம் வெண்பொடியாக அரிக்கப்படும். இரும்புத் தகட்டில் காந்தம் ஒட்டாவிட்டால், பட்டி வைத்து ஓட்டையை மறைத்திருக்கிறார்கள் என்று ஐயுறலாம்; ஆனால் அலுமினியத்தில் காந்தம் இயல்பாகவே ஒட்டாது.

தரைவிரிப்பைத் தூக்கி, தளத்தை மிதித்துப் பாருங்கள். கால் அமுங்கினால் பலகை ஊறியிருக்கிறது. கூரையின் மேல் அரைமணி நேரம் தண்ணீர் விடச் சொல்லி உள்ளே அமர்ந்திருங்கள். ஒழுகும் கூரை, கூட்டினை மேலிருந்து அரிக்கும்.

சாய்வும் முறுக்கும்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் நின்று பாருங்கள். ஒருபுறம் சாய்ந்தால் வில்பட்டை தளர்ந்தோ முறிந்தோ இருக்கலாம். கதவு சட்டத்தில் பொருந்தாமல் உரசினாலும், கண்ணாடி மூலையிலிருந்து விரிசல் கண்டிருந்தாலும் கூடு முறுக்கிக்கொண்டிருக்கக் கூடும்.

படுக்கைகள் அமைத்தவர்கள், கதவுக்காகவோ ஜன்னலுக்காகவோ தாங்கு தூண்களை வெட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். சேஸிஸில் கண்டபடி துளையிட்டாலும், வெல்டிங் வைத்தாலும் அதன் வலிமை குறையும். 500 லிட்டர் தண்ணீர் என்பது 500 கிலோ எடை. அத்தகைய தொட்டியைக் கூரைமேல் வைத்தால் வளைவுகளில் வண்டி கவிழும் அபாயம் கூடும்.

அவசர வழியைப் படுக்கையால் அடைத்திருந்தால் அந்த வண்டி வேண்டவே வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 அன்று, மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த யாத்திரைப் பெட்டியில் எரிவாயு உருளையால் மூண்ட தீ ஒன்பது உயிர்களைப் பறித்ததை நாம் மறக்கலாகாது.

ஆவணங்களையும் பாருங்கள். சேஸிஸில் பொறித்த எண் பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். அந்த எண்ணைத் துரு அழித்திருந்தால் விலகிவிடுங்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும்; அது சான்றிதழிலும் குறிக்கப்பட வேண்டும்.

எதை ஏற்கலாம், எதை விலக்கலாம்?

எல்லாத் துருவும் பகையன்று. மேற்பரப்பில் படிந்த செம்மையைச் சுரண்டி, பிரைமர் பூசிக் காக்கலாம். ஓட்டையான வெளித்தகட்டை மாற்றலாம். அடுக்கடுக்காக உரியும் துருவும், சேஸிஸையோ வில்பட்டை பிடிப்புகளையோ தின்ற துருவும் வேறு. விலை எவ்வளவு மலிவாயினும் அவ்வண்டியைக் கைகூப்பி விட்டுவிடுவதே நன்று.

அந்த ஆண்டு நாங்கள் ரயிலிலேயே காசிக்குச் சென்றோம். அந்த அம்மையாரும் வந்து கங்கையில் நீராடினார். மறு ஆண்டு வேறொரு பேருந்து கிடைத்தது. பூச்சு மங்கியது, அழகும் இல்லை. அதே பெரியவர் அடியில் படுத்துத் தட்டினார். முனை முதல் முனை வரை கணீரென்று ஒலித்தது. “சம்பந்தி, இதை வாங்கலாம்” என்றார்.

புதுத் தேருக்கு வெள்ளோட்டம் விடுவது நம் மரபு. எங்கள் வண்டிக்கும் விட்டோம். வெள்ளோட்டத்துக்கு நாங்கள் தேர்ந்த தலம் அச்சிறுபாக்கம். விநாயகருக்குத் தேங்காய் உடைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தபோது, அந்த அம்மையார் டார்ச் விளக்கை அடித்து வண்டியின் அடிப்பகுதியை ஒருமுறை பார்த்துவிட்டே நிமிர்ந்தார். பூஜையோடு சேர்த்துச் செய்ய வேண்டிய கடமை அது என்று இப்போது எங்கள் மண்டலியில் அனைவரும் அறிவோம்.