கத்தாரால் முடிந்தது, சென்னையால் முடியாதா? கால்பந்தில் 15 ஆண்டுக் கணக்கு

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு அடையாறு பக்கம் டர்ஃப் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆபீஸ் முடிந்து வரும் கூட்டம், ஆளுக்கு இவ்வளவு என்று ஜிபே-வில் பங்கு பிரித்து, ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போகிறது. ஆர்வத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால், இந்திய அணி 2027 ஆசியக் கோப்பைக்குக்கூட தகுதி பெறவில்லை. 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 எனத் தோற்றதோடு கதை முடிந்தது.

இந்த இடத்தில்தான் கத்தார் ஞாபகத்துக்கு வருகிறது. அங்கே மொத்த மக்கள்தொகையே சுமார் 30 லட்சம். அதிலும் பெரும்பாலானோர் வேலைக்காக வந்தவர்கள். விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியில் மட்டும், 2011 கணக்கெடுப்பின்படியே 66 லட்சம் பேருக்கு மேல். அப்படியிருந்தும் 2019, 2023 என அடுத்தடுத்து இரண்டு ஆசியக் கோப்பைகளை வென்றது கத்தார்தான்.

எப்படிச் சாதித்தார்கள்?

2004-ல் தோஹாவில் ஆஸ்பயர் அகாடமி தொடங்கப்பட்டது. சிறுவர்களைத் தேடிப் பிடித்து, படிப்பையும் பயிற்சியையும் ஒரே வளாகத்தில் கொடுத்தார்கள். 2006-ல் பார்சிலோனாவின் இளையோர் பிரிவிலிருந்து ஃபெலிக்ஸ் சான்செஸ் என்ற பயிற்சியாளர் வந்தார். 2014-ல் அவருடைய பசங்க 19 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசியப் பட்டத்தை வென்றார்கள். அதே சான்செஸ் பின்னர் சீனியர் அணிக்கும் பொறுப்பேற்றார். 2019 இறுதிப்போட்டியில் ஜப்பானை 3-1 என வீழ்த்திய அணியில் அக்ரம் அஃபிஃப், அல்மோயஸ் அலி உட்பட பலர் அவரிடம் வளர்ந்தவர்கள்தான்.

அகாடமி திறந்ததிலிருந்து முதல் பெரிய கோப்பை வரை 15 ஆண்டுகள்.

காசு இருந்தா யார் வேணா பண்ணலாமே?

ஓரளவு உண்மைதான். கேஸ் வருமானம் இல்லாமல் இது சாத்தியமில்லை. ஆனால், காசு மட்டும் போதாது என்பதற்கும் கத்தாரே சாட்சி. 2022 உலகக் கோப்பையை 8 மைதானங்களோடு நடத்திய அந்த அணி, மூன்று லீக் ஆட்டங்களிலும் தோற்றது. அடித்தது ஒரே ஒரு கோல். அந்த மைதானங்களைக் கட்டிய தெற்காசியத் தொழிலாளர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்ற கேள்வியும் இன்னும் ஓயவில்லை.

சென்னையில் என்ன பிரச்சினை?

இங்கே கோப்பையே வரவில்லை என்று சொல்ல முடியாது. சென்னையின் எஃப்.சி. 2015-லும் 2017-18 சீசனிலும் ஐ.எஸ்.எல். சாம்பியன். அந்த இரண்டாவது வெற்றிக்கு முன், கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் ஒரு கோல் அடித்தவர் வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ். 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிரான டெர்பியில் ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்த நந்தகுமார் சேகரும் சென்னைக்காரர்தான்.

திறமை இருக்கிறது, தொடர்ச்சிதான் இல்லை. சென்னை சிட்டி எஃப்.சி. கதையைப் பாருங்கள். கோவையைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடி, 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்ற கிளப் அது. 2021-22 சீசனில் லீக்கிலேயே இல்லை. ஐ.எஸ்.எல்.லுக்கும் கிட்டத்தட்ட அதே நிலைதான். ஒளிபரப்பு, வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் 2025 ஜூலையில் அடுத்த சீசனே நிறுத்திவைக்கப்பட்டது. கிளப்புகள் செயல்பாட்டை நிறுத்தின. வீரர்கள் சம்பளம் வருமா என்று காத்திருந்தார்கள்.

இதையெல்லாம் பார்க்கும் ஒரு 12 வயதுப் பையனின் அப்பா என்ன முடிவெடுப்பார்? பத்தாம் வகுப்பு டியூஷனா, அகாடமியா என்றால், டியூஷன்தான். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அந்த ஒரு கோல்

2024 ஜூன் 11 தோஹா ஆட்டத்தை இந்திய ரசிகர்கள் மறக்க மாட்டார்கள். எல்லைக் கோட்டைத் தாண்டிய பந்தை இழுத்து கத்தார் கோல் அடித்தது. நடுவர் அதை ஏற்றுக்கொண்டார். வி.ஏ.ஆர். கிடையாது. 1-0 என முன்னிலையில் இருந்த இந்தியா 2-1 எனத் தோற்று, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றிலிருந்து வெளியேறியது. அநியாயம்தான். ஆனால், அஃபிஃபும் அல்மோயஸ் அலியும் அன்று அணியிலேயே இல்லை. அடுத்த சுற்றுக்கு ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டதால், பெரும்பாலும் இளம் வீரர்களைத்தான் கத்தார் இறக்கியிருந்தது.

நாம் எதைக் காப்பி அடிக்கலாம்?

கேஸ் கிணறையோ எட்டு மைதானங்களையோ காப்பி அடிக்க முடியாது. ஆனால், வயதுவாரியாக ஆண்டு முழுக்க நடக்கும் லீக், பள்ளிப் படிப்பைக் கெடுக்காத பயிற்சி, ஒரே பசங்களோடு பல ஆண்டுகள் பயணிக்கும் பயிற்சியாளர் ஆகிய மூன்றுக்கும் அவ்வளவு காசு வேண்டியதில்லை. சென்னையில் இன்று தொடங்கினாலும், கத்தார் கணக்குப்படி பலன் தெரிய 15 ஆண்டுகள் ஆகும். இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளைக்கு அப்போது 23 வயது.