பச்சைச் சைக்கிளும் அடுத்த வீட்டு அக்காவும்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, மின்சாரம் போகும் நேரத்தைப் பார்த்துப் பார்த்துச் சமைத்த காலம். அப்படியொரு மின்வெட்டு மாலையில், யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, மகளின் கைத்தொலைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து மூன்று பேர் ஒரு படம் பார்த்தோம். மகள், நான், அடுத்த வீட்டு அக்கா.

படத்தின் பெயர் 'வாஜ்தா'. 2012இல் வெளிவந்தது. முழுவதும் சவூதி அரேபியாவிலேயே எடுக்கப்பட்ட முதலாவது முழுநீளத் திரைப்படம். இயக்கியவர் ஹைஃபா அல் மன்சூர் என்ற சவூதிப் பெண். ரியாத் நகரில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பச்சை நிறச் சைக்கிள் ஒன்றைப் பார்த்து ஆசைப்படுகிறாள். விலை 800 ரியால். பெண்பிள்ளைக்குச் சைக்கிள் எதற்கு என்று தாயே மறுக்கிறாள். பரிசுப் பணத்துக்காக அவள் பள்ளிக்கூடத்தில் குர்ஆன் ஓதும் போட்டியில் சேருகிறாள். கதை இவ்வளவுதான். முடிவைச் சொல்லி உங்கள் ஆர்வத்தைக் கெடுக்க மாட்டேன்.

வீதியில் ஆண்களோடு நின்று ஒரு பெண் வேலை செய்ய முடியாத இடங்களில், இயக்குநர் வானுக்குள் இருந்தபடி சிறு திரையில் காட்சியைப் பார்த்து, வோக்கிடோக்கியில் நடிகர்களுக்குச் சொல்லிச் சொல்லி இந்தப் படத்தை எடுத்தார். படம் வந்தபோது அதைக் காட்ட அந்த நாட்டில் தியேட்டரும் இல்லை. 2018இல்தான் அங்கே தியேட்டர்கள் மீண்டும் திறக்கப்பட்டன.

அக்கா பாதிப் படம் வரை ஒன்றும் பேசவில்லை. ரியாத்தின் வீதி ஒன்று திரையில் வந்தபோது மெதுவாகச் சொன்னார். "இந்த றோட்டுகளை நான் காரின்ர கண்ணாடிக்குள்ளால மட்டும்தான் பார்த்தனான்."

எனக்குத் திக்கென்றது. அக்கா 2003இல் ரியாத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர். மூன்று வருடம் இருந்தார். அனுப்பிய காசில்தான் அவருடைய வீட்டுக்கு ஓடு போட்டார்கள். இவ்வளவு காலம் பக்கத்து வீட்டில் இருந்தும், அங்கே ஒரு நாளாவது தனியாக வெளியே போனீர்களா என்று நான் கேட்டதே இல்லை. என்ன கொண்டுவந்தார் என்று பார்த்தோமே தவிர, எப்படி இருந்தார் என்று யார் விசாரித்தோம்?

படத்தில் தாய்க்கு வேலைக்குப் போவதென்றால் சாரதி வரவேண்டும். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் அன்று வேலை இல்லை. அதைப் பார்த்து அக்கா சிரித்தார். "எங்கட மேடமும் இப்பிடித்தான். டிரைவர் வராட்டி சன்னலுக்கையே நிப்பா. நான் அவவைப் பெரிய ஆள் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்!"

இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல மாட்டேன். அக்காவின் கடவுச்சீட்டு அந்த மேடத்தின் அலுமாரியில் பூட்டியிருந்தது. ஆனாலும் ஒரே சன்னலுக்குள் இரண்டு பெண்கள் நின்றிருக்கிறார்கள்.

அந்த நாட்டில் பெண்கள் கார் ஓட்டும் தடை 2018 ஜூன் 24இல் நீங்கியது. உலகமே கைதட்டியது. ஆனால் அது சும்மா வந்த வரமல்ல. 2011இல் மனல் அல் ஷரீஃப் என்ற பெண் தான் கார் ஓட்டுவதைப் படம்பிடித்து இணையத்தில் போட்டுச் சிறைக்குப் போனார். அந்த உரிமைக்காகக் குரல் கொடுத்த லுஜைன் அல் ஹத்லூல், தடை நீங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் கைது செய்யப்பட்டார். அவர் வெளியே வந்தது 2021 பெப்ரவரியில். திறப்பைக் கொடுத்துவிட்டு, கேட்டவளைப் பூட்டிவைத்த கதை.

இதை எழுதும்போது நம்மையும் பார்க்க வேண்டியிருக்கிறது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோலும் இல்லை, மின்சாரமும் இல்லை, ரேடியோவுக்குப் பற்றரியும் வர விடவில்லை. சைக்கிள்தான் எல்லாம். பள்ளிக்கூடம், ரியூஷன், விறகு, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதுவே வாகனம். இரவில் அதை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்து, பெடலைச் சுற்றிச் சுற்றிச் செய்தி கேட்போம். கை ஓய்ந்தால் குரல் தேய்ந்துவிடும். நெல்சன் மண்டேலா 1994 மே மாதம் ஜனாதிபதியாகப் பதவியேற்ற செய்தியை நான் அப்படிச் சுற்றித்தான் கேட்டேன். அடுத்த நாள் கை வலியோடு சோதனை எழுதினேன். அந்தச் சைக்கிளில் ஊரெல்லாம் போய்வந்ததால், பெண்கள் சைக்கிள் ஓடுவதெல்லாம் எங்களுக்கு ஒரு விடயமே இல்லை என்றுதான் எண்ணியிருந்தேன்.

"அக்கா, நீங்கள் ஏன் பழகவில்லை?" என்று அன்றுதான் கேட்டேன். அவருடைய வீட்டில் ஒரே ஒரு ஆம்பிளைச் சைக்கிள். தம்பிமார் பாருக்குக் கீழே காலை விட்டு ஓடிப் பழகினார்கள். அக்கா கேட்டபோது, "பெரிய பிள்ளையானவளுக்கு என்ன சைக்கிள்?" என்று தகப்பன் சொல்லிவிட்டார். ரியாத்தில் அல்ல, எங்கள் ஒழுங்கையில்.

அந்த மாதம் அக்காவுக்குக் கிளினிக் நாள் வந்தது. பிரஷர் குளிசை முடிந்துவிட்டது. மகனின் மோட்டார் சைக்கிள் பெற்றோல் இல்லாமல் சாக்கால் மூடிக் கிடந்தது. பஸ் வந்தால் உண்டு. புதுச் சைக்கிளின் விலையைக் கேட்டால் தலை சுற்றியது. என் மகளின் பழைய லேடீஸ் சைக்கிளுக்கு ரியூப் மாற்றி, சீற்றைப் பதித்து, விடியற்காலையில் சனம் எழும்புமுன் பின்னால் பிடித்துக்கொண்டு நானும் மகளும் ஓடினோம். ஐம்பத்தெட்டு வயது. இரண்டு முறை விழுந்து முழங்காலில் தோல் உரிந்தது. "விட்டிடாதேங்கோ, விட்டிடாதேங்கோ" என்ற சத்தத்தில் நாய்கள் எல்லாம் எழும்பிவிட்டன. எட்டாம் நாள் மகள் பிடியை விட்டதை அவர் கவனிக்கவே இல்லை.

இப்போது பெற்றோலுக்கு வரிசை இல்லை. கிளினிக் நாளில் மகன் மோட்டார் சைக்கிளைப் படலையில் கொண்டுவந்து நிறுத்திக் கூப்பிடுகிறான்.

"நீ முன்னால போ, நான் வாறன்" என்று சொல்லிவிட்டு, அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளை உருட்டி எடுக்கிறார்.