ஒரே ஒரு நாள் ஓய்வு, அதுவும் வெள்ளிக்கிழமை!

எழும்பூர் பாந்தியன் சாலை. வெள்ளிக்கிழமை காலை மணி 9.30. மியூசியம் வாசலில் ஒரு குடும்பம் திகைத்துப்போய் நின்றது. அப்பா, அம்மா, மகள், மகன் என்று நாலு பேர். கேட் பூட்டிக் கிடந்தது.

"வெள்ளிக்கிழமை லீவு சார். நாளைக்கு வாங்க" என்றார் காவலாளி.

நாளைக்கு எப்படி வருவது? நாளைக் காலை அவர்கள் நெல்லை ஜங்ஷனில் இறங்கி, ஸ்ரீவைகுண்டம் பஸ்சைப் பிடிக்க வேண்டியவர்கள்!

அப்பா ஊரில் பலசரக்குக் கடைக்காரர். தீபாவளி, பொங்கல் தவிர மற்ற நாளில் கடைக்கதவைச் சாத்தி அறியாதவர். மகளுக்கு அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு என்று சென்னைக்கு வந்தார்கள். அந்த வேலை வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. திரும்பிப் போக வெள்ளிக்கிழமை இரவு நெல்லை எக்ஸ்பிரசில்தான் இடம் கிடைத்தது. நடுவில் முழுசாக ஒரு நாள் ஓய்வு. அந்த மனிதரின் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் கிடைத்து எத்தனை வருஷமாயிற்றோ!

மியூசியத்துக்கு வந்ததே 8-ம் வகுப்பு படிக்கும் பையனுக்காக. இவர்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் ஆதிச்சநல்லூர். 1876-ம் ஆண்டு ஜாகோர் என்ற ஜெர்மன்காரர் அங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. பிறகு 1899 முதல் 1905 வரை தொல்பொருள் அதிகாரி அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அவர் எடுத்த தங்க நெற்றிப்பட்டம், வெண்கலப் பாத்திரம் எல்லாம் எழும்பூருக்கு வந்து சேர்ந்தன. பையன் பாடத்தில் படித்துவிட்டு மூன்று மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தான்.

"நம்ம ஊரு சாமானைப் பாக்க இம்புட்டு தூரம் வந்தா, அதும் பூட்டில்லா கெடக்கு" என்று அம்மா பெருமூச்சு விட்டார். பையன் வாயே திறக்கவில்லை. கேட் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

எந்தக் கிழமை எதற்கு லீவு?

வெளியூர்க்காரர்கள் ஏமாறும் முதல் இடம் இதுதான். சென்னையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை லீவு. எழும்பூர் மியூசியத்துக்கும் கோட்டை மியூசியத்துக்கும் வெள்ளி. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் செவ்வாய். மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். கோவில் என்றால் நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் புறப்பட்டால் பாதி நாள் பூட்டைப் பார்ப்பதிலேயே போய்விடும்.

வாடிய முகத்தைக் கண்டதும் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

"வண்டலூர் ஜூ, பெசன்ட் நகர், தி.நகர், மெரினா எல்லாம் ஒரே நாள்ல சுத்திக் காட்டறேன். ரெண்டாயிரத்து ஐந்நூறு குடுங்க!"

ஆட்டோவுக்கு அரசு 2013-ம் ஆண்டு ஆகஸ்டில் நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோ மீட்டருக்கு ரூ.25, அதற்கு மேல் கிலோ மீட்டருக்கு ரூ.12. டீசல், காஸ் விலை ஏறிப்போன பிறகு இந்தக் கணக்கில் வண்டி ஓட்ட முடியாது என்று டிரைவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் விஷயம் அதுவல்ல. வண்டலூர் போய்த் திரும்பவே பாதி நாள் காலி. நாலு இடத்தையும் சுற்றினால் பார்ப்பது சிக்னல்களை மட்டும்தான்.

அப்பா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். அரை மனசாகத் தலையாட்டப் போனார். அதற்குள் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் குறுக்கிட்டார். சென்ட்ரல் பக்கம் சைக்கிள் கடை வைத்திருப்பவராம்.

"இன்னா சார், மெட்ராச ஒரே நாள்ல பாக்கறதாவது? நான் அறுவது வருஷமா பாக்கறேன், இன்னும் முடியல. ஏதாவது ஒரு ரெயில் லைனைப் புடிங்க. அந்த லைன்ல இருக்கறத மட்டும் பாருங்க. மிச்சத்த மறந்துடுங்க."

ஆட்டோ முனகிக்கொண்டே நகர்ந்தது.

ஐந்து ரூபாயில் மயிலாப்பூர்

பெரியவர் சொன்ன லைன் பறக்கும் ரெயில். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 1997-ல் மயிலாப்பூரைத் தொட்டு, 2007-ல் வேளச்சேரிக்குப் போன ரெயில்.

மூட்டை முடிச்சு கையில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. லாட்ஜ் ரூமைக் காலையிலேயே காலி செய்து, பைகளை எழும்பூர் ஸ்டேஷன் கிளாக் ரூமில் போட்டிருந்தார்கள். அங்கேயும் ஒரு சங்கடம். பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள். ஒரு பைக்குப் பூட்டு வாங்க அப்பா வெளியே ஓடி வந்தார். பயண டிக்கெட்டையும் காட்ட வேண்டும். ரசீதைத் தொலைத்தால் திண்டாட்டம். மகள் கெட்டிக்காரி, ரசீதை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாள்.

எழும்பூரில் ஆளுக்கு ரூ.5 டிக்கெட். அடுத்த நிலையம் பூங்கா. அங்கே இறங்கி நடந்து பூங்கா நகர் நிலையத்தில் ஏறினால் பறக்கும் ரெயில். அதே டிக்கெட் போதும். சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம் என்று மொட்டை மாடிகளுக்கு மேலே ரெயில் போனபோது பையன் முதல்முறையாக ஜன்னல் பக்கம் திரும்பினான். ஒரு மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. "நம்ம வீடு மாதிரியே இருக்கு" என்றார் அம்மா.

திருமயிலையில் இறங்கும்போது மணி 11 ஆகவில்லை. கபாலீசுவரர் கோவிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். நடை சாத்துவதற்குள் கற்பகாம்பாளைத் தரிசித்துவிட்டார்கள். கூட்டத்தில் காரணமில்லாமல் இடித்துக்கொண்டு நின்ற ஆசாமியைப் பார்த்து அப்பா நமட்டுச் சிரிப்புச் சிரித்தார். பணம் இருந்தது சட்டைப்பையில் அல்ல, உள் டவுசரில்! அந்தப் பையில் கைவைக்கிற பிக்பாக்கெட் இன்னும் பிறக்கவில்லை.

சேலையா, புத்தகமா?

மாட வீதி மெஸ்சில் சாப்பாடு. அங்கேதான் குடும்பத்தில் பிளவு. "தி.நகருக்கு ஒரு எட்டுப் போய் ஒரு சேலை எடுத்துட்டு வந்துருவோமே" என்றார் அம்மா. "கோட்டூர்புரம் லைப்ரரி இதே லைன்லதான்ப்பா" என்றாள் மகள்.

அம்மாவின் ஆசை தப்பில்லை. ஆனால் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்த ஒரு குடும்பம் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்ததாகச் சரித்திரம் கிடையாது. அப்பா தராசைப் பிடிக்கிறவர் அல்லவா? யோசித்துச் சொன்னார்: "சேலை தின்னவேலியிலயும் கிடைக்கும்."

அம்மா கோட்டூர்புரம் வரை யாரிடமும் பேசவில்லை.

அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ம் ஆண்டு செப்டம்பர் 15-ல் திறக்கப்பட்டது. ஒன்பது தளம். உள்ளே போகக் காசு இல்லை. பையை வாசலில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். மத்தியான வெயிலில் குளுகுளு அறை, நல்ல குடிதண்ணீர், சுத்தமான கழிப்பறை. வெளியூரிலிருந்து பெண்களோடு வருகிறவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரியது என்பது வந்தவர்களுக்குத்தான் தெரியும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் சொந்தப் புத்தகத்தோடு வந்து உட்காரும் தளத்தில், தன் வயதுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து படிப்பதைப் பார்த்துக்கொண்டு மகள் வெகுநேரம் நின்றாள். அம்மா கோபம் மறந்து நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டார்.

மாலை 3 மணிக்குத் திரும்ப ரெயில். கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கி நடந்தார்கள். 1977-ல் திறந்த கோபுரம் இது. பாதுகாப்புக் காரணத்தால் 1994-ல் பொதுமக்களுக்கு மூடப்பட்டு, 2013 நவம்பரில்தான் மறுபடி திறந்தது. லிப்டில் ஒன்பதாவது மாடி வரை போகலாம். ஒரு பக்கம் நீலக் கடல், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் கட்டிடக் கடல். கீழே தெரிகிற அகன்ற மணல்வெளி பழைய மெட்ராசில் கிடையாது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டிய பிறகு அலை கொண்டுவந்து குவித்த மணல் அது. மேலே நின்றபோது பையன் பழையபடி பேச ஆரம்பித்துவிட்டான். கடலைப் பார்த்ததும் அவனுக்கு ஒரே ஆசை.

"குளிக்கணும்!"

"ஏ தம்பி, மேல வா!"

பையன் தாமிரபரணியில் நீச்சல் கற்றவன். திருச்செந்தூர் கடலில் குளித்தவன். கடல் என்றால் அவனுக்கு அதுதான் கணக்கு. காலை மட்டும் நனைப்பதாகச் சொல்லி இறங்கியவன், அம்மா சுண்டல் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் இடுப்பளவுக்குப் போய்விட்டான். ஒரு அலை வந்தது. சிரித்துக்கொண்டு குதித்தான். அந்த அலை திரும்பியபோது அவன் காலடி மணலும் சேர்ந்து போயிற்று. ஆள் குப்புற விழுந்தான். சிரிப்பு நின்றது.

"ஏ தம்பி, மேல வா! மேல வா!"

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீனவர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். அப்பாவும் வேட்டியோடு பாய்ந்தார். அடுத்த அலைக்குள் இருவரும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். பையன் உப்புத் தண்ணீரைக் கக்கினான். போனது ஒரு ஜோடி செருப்பும் அப்பாவின் மூக்குக்கண்ணாடியும்.

"நல்லா நீந்துவான்யா, ஆத்துல..." என்று அப்பா நடுங்கிக்கொண்டே சொன்னார்.

"ஆத்துல நீந்துறவன்தான் சார் இங்க போறான்" என்றார் மீனவர். "அடிக்கிற அலைக்குப் பயப்பட வேணாம். திரும்பி இழுக்குது பாருங்க, அதுதான் ஆளைக் கொண்டுபோவுது. ரெண்டு அடி வச்சா ஆழம். கரை பக்கமா எதுத்து நீந்தி நீந்தியே ஓஞ்சிடுவானுங்க."

மெரினாவில் குளிக்கத் தடை இருக்கிறது. போர்டு இருக்கிறது. போலீசார் மைக்கில் கத்துகிறார்கள். காணும் பொங்கல் அன்று கட்டை கட்டித் தடுக்கிறார்கள். அப்படியும் உயிர்ப்பலி நின்றபாடில்லை. பிணம் ஒதுங்கியதும் விசாரித்தால் நண்பர்களோடு ஊர் சுற்றிப் பார்க்க வந்த வெளியூர்ப் பையன் என்று தெரியவருவதும் அடிக்கடி நடப்பதுதான். கையில் இருப்பது ஒரே நாள்; கடலில் இறங்காமல் போவதா என்ற வேகம். போர்டை நிற்க வைத்தால் மட்டும் போதுமா? நீரோட்டம் இழுக்கிற இடம் எது என்று அன்றன்றைக்கு ஒரு சிவப்புக் கொடி நட்டால் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியுமே!

மீனவருக்கு அப்பா பணம் கொடுக்கப் போனார். அவர் கையை உதறிவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார்.

கடைசி மூன்று மணி நேரம்

மணி 5.30. "இன்னும் நேரம் கெடக்கே" என்றார் அம்மா. அப்பா கேட்கவில்லை. எழும்பூருக்குக் கிளம்பினார்கள்.

ஒரு நாள் சுற்றுலாவில் அடி வாங்குவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். தென்மாவட்டப் பஸ்களெல்லாம் கோயம்பேட்டில் இருந்து போன காலம் மலையேறிவிட்டது. 2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கத்தில் புது பஸ் நிலையம் திறந்தார்கள். ஆனாலும் பழைய ஞாபகத்தில் மூட்டையோடு கோயம்பேட்டில் போய் இறங்குகிறவர்கள் உண்டு. அங்கிருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேருவதற்குள் இவர்கள் பஸ் செங்கல்பட்டைத் தாண்டியிருக்கும். ரெயிலிலும் அதே கதை. எழும்பூர் நிலையச் சீரமைப்பு வேலைக்காக 2025-ல் சில வண்டிகளைத் தாம்பரத்துக்கு மாற்றினார்கள். டிக்கெட்டில் புறப்படும் நிலையம் எது என்று காலையிலேயே பார்த்துவிடுவது உத்தமம். சந்தேகம் இருந்தால் ரெயில்வேயின் 139 இருக்கிறது.

இவர்களின் வண்டி எழும்பூர்தான். 7 மணிக்கு முன்பே வந்துவிட்டார்கள். வழியில் அப்பாவுக்கு ஒரு ரப்பர் செருப்பு, பையனுக்கு மாற்றுச் சட்டை. கிளாக் ரூமிலிருந்து பைகள் வந்தன. மகள் கணக்குப் பார்த்தாள். நாலு பேரும் நாள் முழுக்க ரெயிலில் சுற்றிய செலவு ரூ.80.

"ரெண்டாயிரத்து ஐந்நூறு கேட்டான்லா" என்றார் அப்பா. கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கி, ரெயில் பெட்டியின் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தார். பையனின் மணிக்கட்டை மட்டும் விடவே இல்லை.

"ஏம்ப்பா, மியூசியம் இங்க இருந்து நடந்து போற தூரந்தான?" என்று கேட்டான் பையன்.

"எனக்கு வேலை கிடைச்சு மெட்ராசுல போஸ்டிங் போட்டா நான் கூட்டிட்டுப் போறேம்ல" என்றாள் அக்கா.

"வெள்ளிக்கிழமை இல்லாம" என்றான் தம்பி.

நெல்லை எக்ஸ்பிரசில் ஏறியதும் அப்பா பலசரக்குக் கடைப் பாக்கி நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்: "எழும்பூர் மியூசியம் - வெள்ளி லீவு." வண்டி கிளம்பியது.