மலிவு விலையில் வேகம்

ஒரு காலத்தில் வசதியானவர்களின் போர்ட்டிகோவில் நின்ற ஸ்போர்ட்ஸ் செடான்கள் இன்று சின்னக் காரின் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்குவது சுலபம். வைத்துக்கொள்வதுதான் பரீட்சை.

"டாக்டர் ஓட்டிய வண்டி சார், ஒரு கீறல் கிடையாது." பழைய கார் தரகர்கள் புனேயானாலும் பெங்களூரானாலும் ஏறக்குறைய இந்த வசனத்தில்தான் தொடங்குகிறார்கள். வாங்க வந்த இளைஞரின் காதில் அது விழுவதில்லை. அவர் கண் முன்னால் நிற்பது பள்ளி நாட்களில் நோட்டுப் புத்தக அட்டையில் ஒட்டி வைத்திருந்த கார். கையில் இருப்பது நான்கு லட்சம் ரூபாய், அதுவும் மூன்று வருட சேமிப்பு.

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். அப்படிப்பட்ட கார்களில் ஒன்று. 2004-ல் இந்தியச் சாலைக்கு வந்தபோது அதன் 1.8 லிட்டர் டர்போ எஞ்சினின் திறன் 150 குதிரை சக்தி. பெரும்பாலான குடும்பக் கார்கள் அப்போது அதில் பாதியைத் தொடவே திணறின. 1998-ல் அறிமுகமான முதல் தலைமுறை ஹோண்டா சிட்டியின் வி-டெக் ரகத்துக்கும் இன்றுவரை ரசிகர் கூட்டம் உண்டு. எடை குறைந்த உடலில் 106 குதிரை சக்தி. 2003-ல் வந்த அடுத்த சிட்டி 77 குதிரை சக்தியோடு அறிமுகமானதால், விஷயம் தெரிந்தவர்கள் பழையதைத்தான் தேடுகிறார்கள். திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த மிட்சுபிஷி செடியா, ஃபோர்டு ஃபியஸ்டா 1.6, ஃபியட் லீனியா டி-ஜெட் என்று பட்டியல் நீள்கிறது. இன்னும் துணிச்சல் உள்ளவர்களின் பார்வை 2007 முதல் சென்னை அருகே அசெம்பிள் செய்யப்பட்ட பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் மீது விழுகிறது.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. வருடங்கள் ஓட ஓடக் காரின் விலை இறங்குகிறது. உதிரி பாகத்தின் விலை இறங்குவதில்லை. மூன்று லட்சத்துக்கு வாங்கிய ஜெர்மன் காருக்கும் முப்பது லட்சம் கொடுத்தவர் வாங்கிய அதே பிரேக் டிஸ்க்தான், அதே சஸ்பென்ஷன் கைகள்தான். வயதான வண்டிக்குப் பெரும்பாலான வங்கிகள் கடன் தருவதில்லை என்பதால் முழுத் தொகையும் சொந்தப் பணம். எல்லாவற்றையும் வண்டி விலையாகவே கொட்டிவிட்டவர், முதல் பெரிய ரிப்பேர் வந்ததும் காரைத் தெருவோரம் நிறுத்தி உறை போட்டு மூடிவிடுகிறார். ஆகவே அனுபவசாலிகள் பின்பற்றும் கணக்கு எளிமையானது: நான்கு லட்சம் இருந்தால் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் வண்டி பார்க்கக் கூடாது. மிச்சம் முதல் வருடத்துக்கு.

பாகம் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. மிட்சுபிஷி இந்தியக் கார் சந்தையை விட்டுப் போய் வருடங்களாகிவிட்டன. ஃபோர்டு இங்கு உற்பத்தியை நிறுத்தும் முடிவை 2021-ல் அறிவித்தது. தில்லி காஷ்மீரி கேட், பெங்களூர் ஜே.சி. ரோடு, சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் அலைந்து தேடுபவருக்கு ஏதாவது அகப்படும். அலையத் தயாரில்லாதவருக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் செடான் ஒத்துவராது.

சோதனை: எஞ்சின் ஆறியிருக்கட்டும்

வண்டியைப் பார்க்கப் போகும் நேரம் முக்கியம். எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையே சரி. வாங்குபவர் வருவதற்குள் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் வரும் நீலப் புகை, எஞ்சின் ஆயில் எரிவதன் அடையாளம். டர்போ வண்டியில் அது பெரிய செலவுக்கு அறிவிப்பாகவும் இருக்கலாம். டாப் கியரில் குறைந்த வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால், வேகம் ஏறாமல் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறதா? கிளட்ச் தேய்ந்துவிட்டது.

ஆக்டேவியா ஆர்.எஸ்., பழைய சிட்டி இரண்டிலும் டைமிங் பெல்ட் உண்டு. அது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டனும் மோதி எஞ்சினே பாழாகும். பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும். பி.எம்.டபிள்யூ. 320டி-யின் சில எஞ்சின்களில் டைமிங் செயின் பின்பக்கம் இருக்கிறது. அதை மாற்ற கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்கியாக வேண்டும்.

சாதாரணக் கார்களுக்கு இல்லாத ஒரு ஆபத்தும் இவற்றுக்கு உண்டு. முந்தைய உரிமையாளர்களும் வேகப் பிரியர்கள். கம்ப்யூட்டரில் மாற்றம் செய்து டர்போவின் அழுத்தத்தைக் கூட்டியிருப்பார்கள். விற்கும் நேரத்தில் பழையபடி மாற்றியும் வைத்திருப்பார்கள். மாற்றங்கள் செய்யாத, சர்வீஸ் ரசீதுகள் உள்ள, மந்தமான நிறத்து வண்டி, பளபளக்கும் சக்கரங்களோடு நிற்கும் வண்டியைவிட எப்போதும் மேல்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பது இன்னொரு உபாயம். அடியில் சேற்றுக் கறை இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கக்கூடும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் வருடத்தையும் காட்டும். மீட்டர் முப்பதாயிரம் கிலோமீட்டர் என்று சொல்ல, பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் எதை நம்புவது என்பதில் குழப்பம் தேவையில்லை.

காகிதம்: பெயர் மாறும்வரை நிம்மதியில்லை

கடன் நிலுவை இருந்ததா, எத்தனையாவது உரிமையாளர், இன்ஷூரன்ஸ் எதுவரை என்பதை அரசின் எம்-பரிவாகன் செயலியிலேயே பார்த்துவிடலாம். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவதானால் தடையின்மைச் சான்றுக்குப் படிவம் 28. பழைய கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35. விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

பதினைந்து வயதைத் தாண்டிய காருக்குத் தகுதிச் சோதனையோடு பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 முதல் அதற்குக் கட்டணம் ரூ. 5,000. இருபது வயதைத் தாண்டியவற்றுக்கு 2025-ல் ரூ. 10,000 ஆயிற்று.

தில்லி வட்டாரக் கார்கள் மலிவாக இருப்பதற்குக் காரணம் தரகர்களின் தாராளம் அல்ல. பத்து வயது டீசல், பதினைந்து வயது பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கு விதிக்கப்பட்ட தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் நடவடிக்கை வேண்டாம் என்று சொன்ன நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.-4 முதலான வண்டிகளோடு நிறுத்திக்கொண்டது. இருபது வருட ஆக்டேவியா அந்த வரம்புக்குள் வராது. அதை அங்கிருந்து வாங்கி வருபவர், தடையின்மைச் சான்று, சொந்த மாநிலத்தின் சாலை வரி, மறுபதிவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே விலை மலிவா என்று சொல்ல முடியும்.

இத்தனையும் தாண்டி நல்ல வண்டி அமைந்துவிட்டால், அதிகாலை நேர புனே நெடுஞ்சாலையில் மூன்றாவது கியரில் டர்போ விழித்துக்கொள்ளும் அந்தச் சில வினாடிகள் இன்றைய புதிய சின்னக் கார் எதிலும் கிடைக்காது. ஆனால் அதை அடைகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்த்த காரை வாங்கியவர்கள் அல்ல. தனக்குத் தெரிந்த மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்து அழைத்துப்போய், நான்கு கார்களை வேண்டாமென்று விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்கள். அந்தக் கூலிதான் அவர்கள் செய்த மிக லாபகரமான செலவு.