பன்னிரண்டே படங்கள்

120 பிலிம் சுருளைக் கோடக் நிறுவனம் 1901இல் கொண்டுவந்தது. நூறாண்டு கடந்தும் அது விற்பனையில் இருக்கிறது. அதை மாட்டி எடுக்கும் கேமராக்களைத்தான் மீடியம் ஃபார்மட் என்கிறார்கள். ரோலைஃப்ளெக்ஸ், ஹாசல்பிளாட் போன்றவற்றில் ஒரு சுருளுக்குச் சதுரமாக 12 படங்கள்தாம் விழும். ஒவ்வொன்றின் பரப்பும் 35 மி.மீ. பிலிமின் படத்தைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல். சுவரளவு பெரிதாக்கினாலும் முகச்சுருக்கமும் துணியின் இழையும் தெளிவாக நிற்பது அதனால்தான். இந்தத் துல்லியத்தைவிட, எடுப்பவரை நிதானப்படுத்துவதே இக்கேமராவின் பெரிய பலம் என்பேன். நிதானம் மட்டுமே நல்ல படத்தைத் தந்துவிடாது. ஆனால் அது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற முடிவைப் பட்டனை அழுத்தும் முன்பே எடுக்கவைக்கிறது. அதில்தான் அதன் மதிப்பு.

1957இல் வந்த ஹாசல்பிளாட் 500சி கேமராவில் பேட்டரி கிடையாது, வெளிச்சத்தை அளக்கும் கருவியும் கிடையாது. தனி லைட் மீட்டரை எதிரே இருப்பவரின் முகத்தருகே பிடித்து அளந்து, அப்பர்ச்சரையும் ஷட்டர் வேகத்தையும் லென்ஸ் வளையங்களில் வைக்க வேண்டும். பிறகு கேமராவை வயிற்றளவில் பிடித்து, மேலிருந்து குனிந்து கண்ணாடித் திரையைப் பார்க்க வேண்டும். அதில் காட்சி இடம்வலம் மாறித் தெரியும். பழகிய தெருவே புதிதாகத் தோன்றுவதால், சட்டகத்தின் ஓரங்களையும் வெற்றிடங்களையும் கண் கவனிக்கத் தொடங்குகிறது. பட்டனை அழுத்தியதும் உள்ளேயுள்ள கண்ணாடி மேலேறி அங்கேயே நின்றுவிடும். திரை முழுக்க இருட்டு. பக்கவாட்டுத் திருகைச் சுற்றிப் பிலிமை நகர்த்தினால்தான் காட்சி திரும்பும். இன்னொரு படம் வேண்டுமா என்று யோசிக்க அந்த இருட்டே இடம் கொடுக்கிறது. எதிரே இருப்பவருக்கும் இந்தத் தாமதம் நல்லது. எடுப்பவரின் முகத்தைக் கேமரா மறைப்பதில்லை, பேச்சு தொடர்கிறது, போட்டோவுக்கென்று வரவழைத்த புன்னகை கொஞ்சநேரத்தில் களைத்து இறங்கி, இயல்பான முகம் வெளியே வருகிறது.

டிஜிட்டல் கேமராவிலும் 12 படங்களோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நிறுத்தலாம்தான். ஆனால் பதின்மூன்றாவது படத்துக்குச் செலவில்லை என்று தெரிந்தபின் அந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்றுவது கடினம். பின்புறத் திரையும் ஒவ்வொரு முறையும் கண்ணை மனிதரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. ஓடும் கணம் தப்பிவிடாதா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: தப்பும். பறவைகளுக்கும் விளையாட்டுக்கும் இது தோதுப்படாது. ஆனால் தெருவுக்கு ஆகாது என்பதை ஒப்பமாட்டேன். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த விவியன் மையர், 1950களிலிருந்தே ரோலைஃப்ளெக்ஸுடன் தெருக்களில் அலைந்தார். அவர் விட்டுச்சென்ற நெகட்டிவ்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். தூரத்தையும் வெளிச்சத்தையும் முன்கூட்டியே கணித்து வைத்துக்கொண்டால், காட்சி வந்து அமையும் நொடியில் அழுத்த வேண்டியதுதான் பாக்கி. பிலிமுக்கும் கழுவுவதற்கும் ஆகும் செலவு மட்டும் மெய்யான தடை. எல்லோராலும் தாங்க முடியாது. அதனால் வாங்கத் துடிக்காதீர்கள். தெரிந்தவரிடம் பழைய கேமரா இருந்தால் இரவல் கேளுங்கள். முதல் சுருளின் 12 படங்களையும் ஒரே மனிதருக்குச் செலவிடுங்கள்.